ஹீட்டர் ஓடுது... ஆனா கேபின் சூடாகலையா? டிரக் பார்க்கிங் ஹீட்டர்: ஒரு முழு கைடு!

இரவு 11 மணி. டொரன்டோவில் லோடு ஏற்றிக்கொண்டு வின்னிபெக் போகும் வழியில், தண்டர் பே தாண்டி ஒரு டிரக் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்துகிறீர்கள். வெளியே மைனஸ் 28 டிகிரி. எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு, பார்க்கிங் ஹீட்டரை ஆன் செய்து, போர்வைக்குள் புகுந்தாச்சு. ஒரு மணி நேரத்தில் விழிப்பு வருது. ஃபேன் சத்தம் கேட்குது. காற்றும் வருது. ஆனா, மூக்கு நுனி ஐஸ் மாதிரி இருக்கு. கண்ணாடியின் உள்பக்கமே பனி பூத்திருக்கு.

கனடாவில் டிரக் ஓட்டும் நம் ஆட்களுக்கு இது புதுசில்லை. ``அண்ணை, ஹீட்டர் ஓடுது, ஆனா சூடு வரேல்ல'' என்று நடுராத்திரியில் சீனியருக்கு போன் போடாத டிரைவர் குறைவு. புதிதாகப் போகிறவர்களுக்கோ இது இன்னும் குழப்பம். நாமக்கல்லில் 20 வருஷம் லாரி ஓட்டியவருக்குக்கூட இது புது மெஷின்தான். நம்ம ஊர் லாரிக்கு இது தேவைப்பட்டதே இல்லையே!

நல்ல விஷயம் என்னன்னா, சூடு குறைவதற்குப் பெரும்பாலும் ஹீட்டர் `செத்துப்போனது' காரணமாக இருக்காது. அதற்குக் கிடைக்க வேண்டிய ஏதோ ஒன்று சரியாகக் கிடைக்காமல் இருக்கும். அது எது என்று கண்டுபிடிக்கிற வரிசை தெரிந்தால், பாதிப் பிரச்னையை ஒரு டார்ச் லைட்டோடு நீங்களே முடித்துவிடலாம். மீதிப் பாதியில் எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், இது தூங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே டீசல் எரிக்கும் மெஷின்!

எஞ்சினையே ஓடவிட்டால் என்ன?

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கனடா விதிப்படி ஒரு டிரைவர் ஒரு நாளில் அதிகபட்சம் 13 மணி நேரம்தான் ஓட்டலாம். 10 மணி நேரம் டியூட்டி இல்லாமல் இருக்க வேண்டும். அதில் 8 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு. அந்த 8 மணி நேரமும் பெரிய எஞ்சின் சும்மா ஓடினால், மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் போகும். ஒரு ராத்திரிக்கு 24 லிட்டர்!

பார்க்கிங் ஹீட்டரின் கணக்கே வேறு. பரவலாகப் பயன்படும் ஏர்ட்ரானிக் டி2 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த சூட்டில் மணிக்கு 0.10 லிட்டர், முழு வேகத்தில் 0.28 லிட்டர். ராத்திரி முழுக்க ஃபுல்லில் ஓடினாலும் இரண்டேகால் லிட்டர்தான். அதனால்தான் கம்பெனிகள் இதை விரும்பிப் பொருத்துகின்றன. டிரைவர்கள் இதை `பங்க் ஹீட்டர்' என்றும் சொல்வார்கள்.

உள்ளே என்ன நடக்குது?

ரிப்பேர் பார்க்க, இதை மட்டும் மனசில் வைத்தால் போதும். ஹீட்டருக்குள் காற்று போகும் பாதைகள் இரண்டு.

ஒன்று, எரிவதற்கான பாதை. வண்டிக்கு அடியிலிருந்து காற்றை இழுத்து, டீசலோடு சேர்த்து ஒரு சின்ன அறைக்குள் எரித்து, புகையை சைலன்ஸர் குழாய் வழியாக வெளியே தள்ளும்.

இரண்டு, நமக்கான பாதை. கேபின் காற்றை ஒரு பக்கம் இழுத்து, அந்த எரியும் அறையைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளின் மேல் ஓடவிட்டு, சூடாக்கி மறுபடி கேபினுக்குள் அனுப்பும். இந்த அலுமினியப் பகுதிதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். புகையும் நாம் சுவாசிக்கும் காற்றும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்கும் ஒரே சுவர் இதுதான். இதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

ஆன் செய்ததும் ஃபேன் சுற்றும். க்ளோ பின் பழுக்கக் காயும். டீசல் பம்ப் `டிக்... டிக்...' என்று அடிக்க ஆரம்பிக்கும். தீ பிடித்ததை சென்சார் உறுதி செய்ததும் க்ளோ பின் அணைந்துவிடும். இதற்கே சில நிமிடங்கள் ஆகும். அதனால் ஆன் செய்த உடனே `சூடு இல்லை' என்று முடிவு கட்டாதீங்க.

ஆக, ஹீட்டருக்கு மூன்று சாப்பாடு: காற்று, கரன்ட், டீசல். இதில் எது குறைந்தாலும் சூடு குறையும்.

முதல்ல காதைக் கொடுங்க!

எதையும் கழற்றும் முன் ஒரு ஈஸி டெஸ்ட். தெர்மோஸ்டாட்டை ஃபுல்லில் வையுங்கள். 10 நிமிடம் கழித்து, காற்று வரும் இடத்தில் கையை வையுங்கள். பிறகு கீழே இறங்கி, ஹீட்டருக்கும் டீசல் டேங்குக்கும் நடுவில் உள்ள பம்ப்பின் `டிக் டிக்' சத்தத்தைக் கேளுங்கள். வேகமாக அடித்தால் ஹீட்டர் ஃபுல்லில் ஓடுகிறது. மெதுவாக அடித்தால் தானே சூட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

* நல்ல சூடு, நல்ல காற்று... ஆனாலும் கேபின் குளிர்கிறது: ஹீட்டர் ஓகே. சூடு எங்கோ வெளியே போகிறது.
* சூடு இருக்கு, ஆனால் காற்று குறைவு: காற்றுப் பாதையில் அடைப்பு.
* டிக் சத்தம் மெதுவாக இருக்கு, காற்று வெதுவெதுப்பு: `கேபின் சூடாகிவிட்டது' என்று ஹீட்டர் தப்பாக நினைக்கிறது.
* டிக் சத்தம் வேகமாக இருக்கு, ஆனாலும் வெதுவெதுப்புதான்: டீசல் சரியாகப் போகவில்லை அல்லது உள்ளே கரி படிந்திருக்கிறது.
* கொஞ்ச நேரம் ஓடி, அணைந்து, மறுபடி முயற்சி செய்கிறது: பேட்டரி, டீசல், க்ளோ பின் மூன்றில் ஒன்று.

இனி ஒவ்வொன்றாக, செலவில்லாததிலிருந்து ஆரம்பிப்போம்.

1. காற்றுப் பாதை: செலவு பூஜ்யம்

பங்க் பெட்டுக்குக் கீழே எட்டிப் பாருங்கள். ஷூ, துண்டு, தண்ணீர் பாட்டில் கேஸ், அரிசி மூட்டை... நம்ம ஆட்களின் பாதி வீடே அங்கேதான் இருக்கும். ஹீட்டர் காற்றை இழுக்கும் கிரில் பெரும்பாலும் அதே இடத்தில்தான். அதன் மேல் ஒரு ஸ்வெட்டர் விழுந்தாலே போதும். காற்று குறைந்தால் ஹீட்டர் உள்ளே அளவுக்கு மீறிக் காயும். ஓவர்ஹீட் சென்சார் உடனே சூட்டைக் குறைக்கும் அல்லது மொத்தமாக நிறுத்திவிடும். அதாவது, ஹீட்டர் உள்ளே கொதித்துக்கொண்டிருக்க, நீங்கள் வெளியே நடுங்கிக்கொண்டிருப்பீர்கள்!

கிரில்லில் படிந்த தூசி, முடி, போர்வை நூல் எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். சூடான காற்று போகும் ஹோஸ் எங்காவது மடங்கியோ, நசுங்கியோ, இணைப்பிலிருந்து கழன்றோ இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கழன்றிருந்தால் பெட்டுக்குக் கீழே உள்ள பெட்டி மட்டும் ஜம்முன்னு சூடாக இருக்கும். காற்று வரும் வாய்களை எல்லாம் மூடி வைப்பதும் தப்பு. ஒன்றாவது எப்போதும் முழுசாகத் திறந்திருக்கணும்.

அடுத்து, சூடு வெளியே போகும் வழிகள். டேஷ்போர்டு ஏசி கன்ட்ரோலை வெளிக்காற்று மோடில் விட்டிருந்தால் மாற்றுங்கள். கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா, மேல் ஜன்னல் சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். 2 கிலோவாட் ஹீட்டரால் ஸ்லீப்பரைச் சூடாக்க முடியும். முன் கண்ணாடி முழுவதையும் சேர்த்துச் சூடாக்கத் திணறும். அதனால் ஸ்லீப்பர் திரையைக் கண்டிப்பாக இழுத்துவிடுங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் தடிமனான கவர் போட்டால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

2. ஏமாறும் சென்சார்

இதுதான் பலரும் கவனிக்காத வில்லன். பல ஹீட்டர்களில் வெப்பநிலை சென்சார், காற்றை இழுக்கும் பக்கத்தில் ஹீட்டருக்குள்ளேயே இருக்கும். உள்ளே வரும் காற்றின் சூட்டை வைத்துத்தான் கேபின் எப்படி இருக்கிறது என்று அது கணிக்கும். சூடான காற்று வெளியே வரும் வாயும், இழுக்கும் கிரில்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்? தான் விட்ட சூட்டையே தானே இழுத்து, `ஆஹா, கேபின் 25 டிகிரி ஆகிடுச்சு' என்று சூட்டைக் குறைத்துவிடும். பம்ப் மெதுவாக அடிக்க ஆரம்பிக்கும். மேலே படுத்திருக்கும் உங்களுக்கு 8 டிகிரிகூட இருக்காது.

இதற்குத் தீர்வு எளிது. காற்று வரும் வாயை வேறு பக்கம் திருப்புங்கள். நடுவில் பை, பெட்டி ஏதாவது இருந்து காற்று திரும்பி அடித்தால் அதை நகர்த்துங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், தலைமாட்டில் தனியாக ஒரு வெளி சென்சாரைப் பொருத்தச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்கலாம்.

3. கரன்ட்: ஆரம்பிக்கும்போதுதான் சோதனை

ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஹீட்டர் ரொம்பக் கொஞ்சமாகத்தான் கரன்ட் எடுக்கும். ஏர்ட்ரானிக் டி2-வில் 8 முதல் 34 வாட் வரைதான். ஆனால், ஸ்டார்ட் ஆகும்போது க்ளோ பின்னுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

லெட்-ஆசிட் பேட்டரிக்கும் குளிர் ஆகாது. மைனஸ் 18 டிகிரியில் அதன் திறன் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். கூடவே ராத்திரி முழுக்க மினி ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், போன் சார்ஜர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் ஓடினால் கேட்கவே வேண்டாம். 12 வோல்ட் ஹீட்டருக்கு வரும் மின்னழுத்தம் 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அது தானாக நின்றுவிடும். ஐரோப்பிய டிரக்குகளில் உள்ள 24 வோல்ட் ஹீட்டருக்கு இந்த எல்லை 21 வோல்ட்.

இங்கே ஒரு நுணுக்கம். வண்டி சும்மா இருக்கும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்து, `12.5 காட்டுது, பேட்டரி சூப்பர்' என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. ஹீட்டர் ஸ்டார்ட் ஆகும் அந்த ஓரிரு நிமிடங்களில், ஹீட்டரின் கனெக்டரில் எவ்வளவு வருகிறது என்று பார்க்கணும். பேட்டரியில் நன்றாக இருந்து கனெக்டரில் குறைந்தால், நடுவில் குற்றவாளி இருக்கிறார். பச்சையாகப் பூத்துப்போன டெர்மினல், லூஸான எர்த், கருகிய ஃபியூஸ் ஹோல்டர்... இவற்றைப் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் மேனுவலில் சொன்ன அதே அளவு ஃபியூஸ்தான் போடணும். `பெரிசா போட்டா போகாது' என்ற ஐடியா, வயரை எரிக்கும் ஐடியா.

4. டீசல்: டெக்சாஸ் டீசல் ஒன்டாரியோவில் உறையும்

டீசலில் மெழுகு கலந்த மாதிரியான பொருள் இயற்கையாகவே உண்டு. குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். அதனால்தான் குளிர் நாடுகளில் குளிர்காலத்துக்கு என்றே தனி டீசல் விற்கிறார்கள். டெக்சாஸ், ஃபுளோரிடா மாதிரி வெப்பமான இடத்தில் டேங்கை ஃபுல் செய்துவிட்டு வடக்கே ஏறி வந்தால் என்ன ஆகும்? ஓடும்போது எஞ்சின் சூட்டில் சமாளிக்கும். ராத்திரி நிறுத்தியதும், ஹீட்டருக்குப் போகும் அந்த மெல்லிய குழாயிலும் அதன் குட்டி ஃபில்டரிலும் டீசல் திரண்டு நிற்கும். பம்ப் அடிக்கும், ஆனால் தேவையான டீசல் போகாது.

வடக்கே வரும் திட்டம் இருந்தால் தெற்கில் டேங்கை முழுசாக நிரப்பாமல், வழியில் குளிர்கால டீசலைக் கலந்துகொண்டே வாருங்கள். ஆன்டி-ஜெல் ஊற்றுவதாக இருந்தால் உறையும் முன்னால் ஊற்றணும். திரண்ட பிறகு ஊற்றிப் பெரிய பயன் இல்லை.

இன்னொரு விஷயம். ஹீட்டருக்கு டீசல் எடுக்கும் குழாய் டேங்கின் அடிவரை போகாது. நீங்கள் தூங்கும்போது ஹீட்டர் மொத்த டீசலையும் குடித்துவிட்டால் காலையில் வண்டி நகராது என்பதால், வேண்டுமென்றே உயரமாக வைத்திருப்பார்கள். எனவே, டேங்க் கால்வாசிக்குக் கீழே வந்தால் டீசலுக்குப் பதில் காற்றை இழுக்கும். சரிவில் நிறுத்தினால் இன்னும் சீக்கிரமே. `நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலை' என்றால் முதலில் டீசல் முள்ளைப் பாருங்கள் பாஸ்!

5. புகைக் குழாயும் கரியும்

கீழே இறங்கி, ஹீட்டரின் சைலன்ஸர் குழாயையும், காற்று இழுக்கும் சின்னக் குழாயையும் பாருங்கள். சேறு, பனி, ஐஸ் அடைத்திருந்தால் தீ மூச்சுத் திணறும். புகையின் நிறமும் துப்பு கொடுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது சகஜம். வெள்ளைப் புகை நிற்கவே இல்லை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை.

கரி எப்படிச் சேர்கிறது? மாசக்கணக்கில் குறைந்த சூட்டிலேயே ஓட்டுவது முக்கியக் காரணம். சின்னத் தீயில் டீசல் முழுசாக எரியாது. அதனால் அவ்வப்போது 15, 20 நிமிடம் ஃபுல்லில் ஓடவிடுங்கள். ஹீட்டரை நிறுத்தும்போது ஸ்விட்சை மட்டும் ஆஃப் செய்துவிட்டுக் காத்திருங்கள். ஃபேன் சில நிமிடங்கள் ஓடி, உள்ளே குளிர வைத்துவிட்டுத் தானே நிற்கும். அதற்குள் பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்சைத் திருப்பினால் சூடு உள்ளேயே தங்கி பாகங்களைக் கெடுக்கும்.

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பாயின்ட். உயரம் போகப் போகக் காற்றில் ஆக்ஸிஜன் குறையும். டீசல் அளவு மட்டும் அதேதான் என்பதால் கரி சேரும். பொதுவாக 1,500 மீட்டருக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டுவதாக இருந்தால், உயரத்துக்கான தனி கிட் வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப் பாதை இருப்பது சுமார் 3,400 மீட்டர் உயரத்தில்! அந்த ரூட் அடிக்கடி வரும் என்றால் கம்பெனியிடம் கேட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள்.

இதுக்கு மேல கை வைக்காதீங்க!

எர்ரர் கோடு வந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்டார்ட் ஆகாத ஹீட்டரைத் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். எரியாத டீசல் உள்ளே தேங்கும். பல தடவை தோற்றால் ஹீட்டர் தன்னையே லாக் செய்துகொள்ளும். அதைத் திறக்க மெக்கானிக் வந்தாகணும்.

எரியும் அறையைத் திறப்பது, க்ளோ பின்னும் அதன் வலையும் மாற்றுவது, பம்ப் தரும் டீசலை அளப்பது எல்லாம் பயிற்சி பெற்றவர்களின் வேலை. யூடியூப் பார்த்து நீங்களே கழற்றி, பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டு மூடினால் சூடு வரலாம். கூடவே புகையும் வரலாம்.

தலைவலி வந்தால்... தூங்காதீங்க!

இப்போது அந்தச் சுவருக்கு வருவோம். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விட்டாலோ, சைலன்ஸர் குழாயின் இணைப்பு கழன்றாலோ, கார்பன் மோனாக்ஸைடு கேபினுக்குள் நுழையலாம். அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், குழப்பம் இவைதான் அறிகுறிகள். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுகூடத் தெரியாமல் போகலாம்.

அதனால்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு ஆயுசு வைத்திருக்கிறார்கள். நன்றாகத் தெரிந்தாலும் 10 வருஷத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ஒரிஜினல் பாகமாக மாற்ற வேண்டும் என்கின்றன தயாரிப்பாளர்களின் மேனுவல்கள். பழைய டிரக் கையில் வந்தால் ஹீட்டரில் ஒட்டியுள்ள லேபிளில் வருஷத்தைப் பாருங்கள்.

* கேபினில் புகை வாசனை அடித்தாலோ, காரணமில்லாமல் தலை வலித்தாலோ, ஹீட்டரை ஆஃப் செய்துவிட்டு உடனே வெளியே வாருங்கள். கதவைத் திறந்து வையுங்கள். உடம்பு சரியில்லை என்றால் 911.
* பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள். ஹீட்டர் ரிப்பேர் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.
* பனிப் புயல் அடித்தால், வண்டியைச் சுற்றிச் சேர்ந்த பனியைத் தள்ளிவிட்டு, புகைக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தூங்குங்கள்.
* மூடிய ஷெட், கராஜுக்குள் ஹீட்டரை ஓட்டவே கூடாது. பெட்ரோல் பங்க்கில் டீசல் நிரப்பும்போதும் ஆஃப்.

ஹீட்டர் வேலை செய்யாத ராத்திரியில் மனசு குறுக்குவழி தேடும். கேம்பிங் கேஸ் அடுப்பைக் கேபினுக்குள் பற்ற வைத்துக் கொஞ்சம் சூடேற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். அடைத்த அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை, கொடைக்கானல், ஊட்டி குளிரிலேயே நாம் படித்திருக்கிறோம். டிரக் கேபின் அந்த அறையைவிடச் சின்னது.

அப்போ என்னதான் செய்வது?

எஞ்சினின் புகைக் குழாய் பனியில் புதையாமல் இருந்தால், அன்று ராத்திரிக்கு எஞ்சினையே ஓடவிடலாம். 24 லிட்டர் போனால் போகட்டும். அதுவும் முடியாதென்றால் டிஸ்பாட்ச்சருக்கு போன் செய்து நிலைமையைச் சொல்லிவிட்டு, டிரக் ஸ்டாப் கட்டடத்துக்குள்ளோ மோட்டலுக்கோ போய்விடுங்கள். புது ஆள், கேட்டால் வேலை போயிடுமோ என்ற பயம் இருக்கும்தான். ஆனால், லோடு ஒரு நாள் தாமதமானால் மன்னிப்பு கேட்டுக்கொள்ளலாம். நல்ல ஸ்லீப்பிங் பேக், டார்ச், மல்டிமீட்டர், சரியான அளவில் இரண்டு ஸ்பேர் ஃபியூஸ் இவை எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

கோடையிலும் மறக்காதீங்க!

ஜூலையில் ஹீட்டரை யார் நினைப்பார்கள்? நினைக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை 10 நிமிடம் ஓடவிடுங்கள். பம்ப்பும் ஃபேன் மோட்டாரும் இறுகிப்போகாமல் இருக்கும். குழாயில் பழைய டீசல் தேங்காது. குளிர் ஆரம்பிக்கும் முன், அக்டோபரிலேயே சர்வீஸ் செய்துவிட்டால் இன்னும் நல்லது. டிசம்பரில் முதல் பெரிய குளிர் இறங்கும் நாளில், மெக்கானிக் கடை வாசலில் உங்களுக்கு முன்னால் இன்னும் பத்து டிரக்குகள் நிற்கும்.

இந்தக் கட்டுரையை போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டர் பே தாண்டினால் பல இடங்களில் சிக்னலும் கிடைக்காது!